பச்சை அட்டைக் கலியாணம்

சர்வதாரி வருஷம், ஐப்பசி 2

போன மாதம் நான் வெளியிட்ட ‘தினக்குறிப்பு எழுதுவதன் நன்மைகள்’ என்ற புத்தகத்தை வாங்கிப்போன ஒருவர் இன்று காலை கடைக்கு வந்தார். “ஐயா, நீங்க எழுதறதுண்டா?” என்று கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டேன். பொய் சொன்னால் எனக்கு விக்கல் வரும். வந்தது. பாவம், அந்த மனிதரே செம்பில் தண்ணீர் மொண்டு கொடுத்தார். அந்தப் பொய்யை மெய்யாக்கிவிடுவோம் என்று இன்று முதல் எழுதத் தொடங்குகிறேன்.

பெயர் பொன்னுரங்க முதலியார். சென்னப்பட்டணம், ஏழுகிணறு. முன்கட்டில் கடையும் அச்சுக்கூடமும், பின்கட்டில் குடித்தனம். மனிதனுக்குப் பிறந்தது முதல் போய்ச் சேரும்வரை என்னென்ன சந்தேகம் வருமோ, அத்தனைக்கும் பதினாறு பக்கத்தில் பதில் வைத்திருக்கிறேன். கனவுக்குப் பலன், மேலதிகாரிக்கு விண்ணப்பம் எழுதும் விதம், சிக்கனச் சமையல், விக்கல் நிற்க வழிகள். எதுவானாலும் விலை ஓரணா. (விக்கல் புத்தகத்தை நம்பாதே. அதை எழுதியவன் நான்.)

இது ஒரு வகைச் சரக்கு. இன்னொரு வகை, சாயங்காலம் குஜிலிக் கடைத்தெருவில் பாட்டாகப் பாடி விற்கும் சரக்கு. ரயில் கவிழ்ந்த சிந்து, வெள்ளம் வந்த கும்மி, சக்களத்திச் சண்டை. முதல் வகை எனக்கு மரியாதை தருகிறது. இரண்டாவது வகை சோறு போடுகிறது.

இரண்டாவது வகையில் என் கடையின் தூண் ரசிகதாசர். அவரைப் பற்றி இங்கே ஒரேயடியாக எழுதிவிடுகிறேன். மயிலாப்பூர்ப் பக்கம் ஒரு வயோதிகர், வாத ரோகி, வெளியே வருவதில்லை, யாரையும் பார்ப்பதில்லை. அவ்வளவுதான். இந்தக் குறிப்பு யார் கையில் அகப்பட்டாலும் இதற்கு மேல் தேட வேண்டாம்.

ஐப்பசி 4

செங்கமலத்துக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. ஒரே பெண். இரண்டு வரன் பாதி தூரம் வந்து திரும்பிப் போயிற்று. “குஜிலிப் பாட்டுக்காரன் பெண்ணா?” என்று ஒருவன் கேட்டான். இன்னொருவன் அதையும் கேட்காமல் தாம்பூலத்தை வைத்துவிட்டுப் போனான். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை.

இப்போது மூன்றாவதாக ஓர் இடம். சைதாப்பேட்டை தணிகாசல முதலியார், சிரஸ்தார் உத்தியோகம் பார்த்து ஓய்ந்தவர். பையன் பாலசுந்தரம் எப்.ஏ. தேறி, கம்பெனியில் வேலை. நல்ல பிள்ளை என்று எல்லோரும் சொல்கிறார்கள். ஒரே சங்கடம், தணிகாசல முதலியார் நன்னெறி விருத்தி சபைக்குக் காரியதரிசி. “குஜிலிப் பாட்டு நம் குடும்பங்களுக்குள் புகுந்த கறையான்” என்று போன வாரம்கூடச் சபையில் வாசித்தாராம். அவர் எதையும் வாசிப்பாரே தவிரப் பேசமாட்டார். கையில் காகிதம் இல்லாவிட்டால் வாயில் வார்த்தை வராதாம்.

“உள்ளதைச் சொல்லிடுங்களேன்” என்றாள் தெய்வநாயகி.

“சொன்னா வருவாங்களா?”

“சொல்லாட்டி மட்டும்? முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கப் பாக்கறீங்க.”

தெய்வநாயகிக்கு எழுத்து வாசனை உண்டு. ஆகையால் இந்தக் குறிப்பில் அவளைப் பற்றி நல்லதே எழுதப்படும். அவள் என் மனைவி. பெரும்பாலும் சரியாகச் சொல்லுகிறவள். இந்த விஷயத்தில் அவள் சொல்வது நடக்காது.

ஐப்பசி 7

ஒரு யுக்தி செய்திருக்கிறேன். ‘விவாக சம்பாஷணை விளக்கம்’ என்று புதிதாக ஒரு புத்தகம் போடுகிறேன். பெண் பார்க்கப் போனால் என்ன பேசுவது, நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை வீட்டார் என்ன சொல்வது, பெண் வீட்டார் என்ன பதில் சொல்வது, எல்லாம் அதில் இருக்கும். இதைத் தணிகாசல முதலியார் கையில் கொடுத்தால் என் தொழிலின் கௌரவம் தானே விளங்கிவிடும்.

அதோடு கூடவே ரசிகதாசருடைய ‘சம்பந்தி சண்டைச் சிந்து’ மறுபதிப்பும் அடிக்க வேண்டும். போன வருஷம் பட்டணமே பாடிய பாட்டு, இன்னும் கேட்கிறார்கள். காகிதம் மிச்சமாகட்டும் என்று இரண்டு புத்தகத்தையும் ஒரே தாளில் பக்கம் பக்கமாக வைத்து அடிக்கச் சொன்னேன். அடித்த பிறகு நடுவில் வெட்டி, தனித்தனியே மடித்துக் கட்டினால் இரண்டு புத்தகம். ஒவ்வொன்றிலும் எட்டுப் பக்க மடிப்பு இரண்டு. அட்டைக்குப் பச்சைக் காகிதம் சல்லிசாகக் கிடைத்தது, இரண்டுக்கும் அதையே போடச் சொல்லிவிட்டேன். மூளை இருக்கிறவன் பிழைத்துக்கொள்வான்.

ஐப்பசி 9

செங்கமலத்துக்கு ஜலதோஷம். ரசிகதாசரிடமிருந்தும் இன்று எழுத்து வரவில்லை.

ஐப்பசி 10

செங்கமலத்துக்குத் தேவலை. ரசிகதாசர் நான்கு பாட்டு அனுப்பியிருக்கிறார். எல்லாம் தும்மலைப் பற்றி. படித்துவிட்டு அச்சுக் கோக்கும் ஆசீர்வாதம் சிரித்த சிரிப்பில் எழுத்துப் பெட்டி சரிந்து ‘க’ எல்லாம் ‘ச’வோடு கலந்துபோயிற்று. பொறுக்கி எடுக்க மத்தியானம் ஆயிற்று.

ஐப்பசி 12

குஜிலியில் என் சரக்கைப் பாடி விற்கிற கோவிந்தன் வந்தான். அவனுக்குத் தொண்டைதான் கடை. ஒரு பாட்டைப் பாதி பாடி நிறுத்துவான், மீதி வேண்டுமானால் புத்தகம் வாங்க வேண்டியதுதான்.

“மொதலியாரே, ஒரு வேடிக்கை கேளு. பெரிய மனுசன் ஒருத்தரு, மாசம் ரெண்டு தபா வர்றாரு. சால்வையால தலைய மூடிக்கினு, வௌக்குக் கம்பத்துக்குப் பின்னால நிக்கிறாரு. ரசிகதாசர் பாட்டுன்னா ஆணி அடிச்சாப்பல நின்னுடறாரு. நான் பாடறப்போ அவரு வாயும் கூடவே ஆடுது.”

“யாராம்?”

“மூஞ்சி தெரிஞ்சாத்தானே? கைத்தடி ஒண்ணு வச்சிக்கிறாரு, புடியில வெள்ளிக் கிளி மூக்கு. அத்தாலயே தாளம் போடறாரு.”

செங்கமலம் புரூப் கொடுக்க வந்தவள் கதவோரமாக நின்று இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். ரசிகதாசருக்குத் தெரிந்தால் சந்தோஷப்படுவார் என்று அவளிடம் சொன்னேன். அவள் முகம் சிவந்து, “தெரிஞ்சிருக்கும்” என்றாள்.

ஐப்பசி 15

பெண் பார்க்க வந்தார்கள். தணிகாசல முதலியார், அவர் மனைவி, பையன்.

காலையிலேயே சிந்து, கும்மி, சண்டை எல்லாவற்றையும் வாரிப் பின்கட்டில் நெல் குதிருக்குள் போட்டு மூடிவிட்டேன். கடையில் நல்ல புத்தி சொல்லும் புத்தகங்கள் மட்டுமே. பார்த்தால் எனக்கே என் மேல் பக்தி வந்தது.

“குஜிலிச் சரக்கு ஏதாவது அச்சிடுவதுண்டோ?” என்று கேட்டார் அவர். கேள்வியைக்கூட ஒரு சீட்டில் எழுதி வைத்திருந்தார்.

“இல்லீங்க” என்றேன். விக்கல். தெய்வநாயகி உள்ளேயிருந்து பானகம் கொண்டுவந்து வைத்தாள். வைத்த விதத்தில் டம்ளர் நசுங்கியது.

‘விவாக சம்பாஷணை விளக்கம்’ அன்று காலைதான் கட்டி வந்திருந்தது. மேலே இருந்த பிரதியை எடுத்து, தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கோடு வைத்துக் கொடுத்தேன். அவர் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“மங்கள காரியத்துக்கென்று வந்த புத்தகம். நிச்சயதார்த்தத்தன்று சபையிலே இதிலிருந்தே வாசிக்கிறேன். அதுவரை பிரிக்கமாட்டேன்” என்றார். எனக்கு ஆகாயத்தில் பறக்கிற மாதிரி இருந்தது.

செங்கமலம் வந்து நமஸ்காரம் செய்தாள். பையன் அவளைப் பார்த்தான். அவள் பையனைப் பார்க்காமல், மூலையில் அவன் தகப்பனார் சாத்தி வைத்திருந்த கைத்தடியையே பார்த்துக்கொண்டு நின்றாள். நல்ல வேலைப்பாடுள்ள தடிதான். பிடியில் வெள்ளியில் கிளி. அதற்காக மாப்பிள்ளையை விட்டுவிட்டுத் தடியையா பார்ப்பது? போனபிறகு தெய்வநாயகி அவளைத் திட்டினாள். அவள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கிறாள். என்ன பெண்ணோ.

அவர்களுக்குச் சம்மதம். கார்த்திகை பத்தாம் தேதி நிச்சயதார்த்தம், தையில் முகூர்த்தம். ‘பையனைப் பிடிச்சிருக்கா?’ என்று தெய்வநாயகி கேட்டதற்கு, “அவரு காதுல மை இருந்துச்சும்மா. பேனாவைக் காதுல சொருகி எழுதறவங்களுக்குத்தான் அப்படி ஆகும்” என்றாளாம். பிடித்திருக்கிறது என்று அர்த்தம்.

ஐப்பசி 19

தீபாவளி. எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். அதிரசம் ஏழு.

ஐப்பசி 22

தலையில் இடி.

கோவிந்தன் ஓட்டமாக வந்தான். பின்னால் காசிமேட்டு ஆட்கள் நாலைந்து பேர், கையில் பச்சைப் புத்தகத்தோடு. முன்னால் நின்றவர் பேசவில்லை, முழங்கினார்.

“இன்னாயா வியாபாரம் பண்றே? நாங்க சண்டைய வாங்கினோம். படிச்சிக்கினே வர்றோம், ஜோரா வையறாங்க, அடி வுழப்போவுதுன்னு குந்திக்கினு இருக்கோம், பாதியில ‘தங்கள் திவ்ய குடும்பத்தாரின் க்ஷேமத்தை விழைகிறோம்’னு கும்புடு போட்டுக்கினு சமாதானமாயிட்டானுங்க! எங்க சண்டை எங்கயா?”

வாங்கிப் பார்த்தேன். முதல் எட்டுப் பக்கம் ‘சம்பந்தி சண்டைச் சிந்து’. அடுத்த எட்டுப் பக்கம் ‘விவாக சம்பாஷணை விளக்கம்’.

மறுபடி நல்ல சண்டையாகப் பார்த்துக் கொடுத்து அவர்களை அனுப்பிவிட்டு, மடித்துக் கட்டுகிற காசிம் சாயபுவிடம் ஓடினேன். அவர் பசைக் கிண்ணத்தைக் கீழே வைக்காமலே சொன்னார்: “எப்பவும் அட்டை நிறத்தைப் பாத்துத்தானே முதலியாரே மடிப்பை அடுக்கறது? சிவப்புக்குச் சிவப்பு, மஞ்சளுக்கு மஞ்சள். நீங்க ரெண்டுக்கும் பச்சைன்னுட்டீங்க. நான் அப்பவே ஆள் அனுப்பிக் கேட்டேன். ‘பச்சைன்னா பச்சைதான்’னு சொல்லி அனுப்பினீங்க.”

சொல்லித்தான் அனுப்பினேன். மூளை இருக்கிறவன் பிழைத்துக்கொள்வான் என்று நான்தான் எழுதியிருக்கிறேன்.

அதாவது, பாதிப் பிரதிகள் சரி. மீதிப் பாதியில் இரண்டாம் மடிப்பு ஒன்றுக்கொன்று மாறிவிட்டது. வீட்டுக்குத் திரும்பி வருகிற வழியில்தான் எனக்கு உறைத்தது. சைதாப்பேட்டைக்குப் போன பிரதி எந்தப் பாதி?

ஐப்பசி 24

ஜட்கா பிடித்துச் சைதாப்பேட்டை போனேன். நல்ல பிரதி ஒன்றுக்குப் பட்டுத்துணியில் அட்டை போட்டு, ஜரிகைக் கரை வைத்துக் கொண்டுபோனேன்.

“சம்பந்தியாருக்குப் பச்சைக் காகித அட்டை கௌரவமில்லைன்னு மனசு கேக்கலை. பழசைக் கொடுத்துட்டு இதை வாங்கிக்கணும்” என்றேன்.

தணிகாசல முதலியார் என்னைப் பூஜை அறை வாசலுக்கு அழைத்துக்கொண்டு போனார். சுவாமி படத்துக்கு முன்னால் என் பச்சைப் புத்தகம். அதற்கு மஞ்சள், குங்குமம், மேலே ஒரு செம்பருத்திப் பூ.

“பூஜையில் வைத்ததை மாற்றக்கூடாது” என்றார்.

“சும்மா ஒரு தரம் புரட்டிப் பாத்துட்டு வச்சிடறேன்.”

“நிச்சயதார்த்தத்தன்றுதான் பிரிப்பது.”

பட்டு அட்டைப் பிரதியையும் வாங்கிக்கொண்டார். அதையும் பூஜையில் வைத்துவிட்டார். இரண்டில் எது வெளியே வரும் என்று கேட்டேன். “முதலில் வந்ததற்குத்தானே முதல் மரியாதை” என்றார். வழி நெடுக விக்கல். இன்று சொன்னது ஒரே ஒரு பொய்தான்.

ஐப்பசி 27

தெய்வநாயகி சம்பந்தியம்மாளைப் பார்க்கிற சாக்கில் முறுக்கும் லாடுமாகச் சைதாப்பேட்டை போய் வந்தாள். பூஜை அறை பூட்டியிருந்ததாம். உள்ளே சம்பந்தி ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாராம். ‘எங்க வீட்டுக்காரர் சாயங்காலமானா அகவல் பாராயணம் பண்ணுவாரு’ என்று சம்பந்தியம்மாள் பெருமைப்பட்டுக்கொண்டாளாம். எவ்வளவு பக்திமான். அவர் வாயால் அந்தப் பாட்டு வந்தால் என்ன ஆகும்?

கார்த்திகை 2

விசித்திரம். கோவிந்தன் வந்து, “கலப்படம் இருந்தா குடு மொதலியாரே. நல்லதை யாரும் கேக்க மாட்டேன்றாங்க” என்கிறான். முதலில் கும்பிட்டுவிட்டுப் பிறகு வைகிற பிரதிதான் குஜிலியில் பெரிய சிரிப்பாம். ஒரு மீன்காரி நாலு வாங்கிப் போனாளாம், மருமகன்களுக்கு ஆளுக்கொன்று. வேறு சமயமானால் நானும் சிரித்திருப்பேன்.

கார்த்திகை 9

நாளைக்கு நிச்சயதார்த்தம். பந்தல் போட்டாயிற்று. வாழைமரம் கட்டியாயிற்று.

சாயங்காலம் கடையைப் பூட்டப் போனேன். செங்கமலம் அச்சுக் கோக்கும் பெட்டிக்கு முன்னால் சும்மா உட்கார்ந்து எழுத்துகளை விரலால் அளைந்துகொண்டிருந்தாள்.

“அப்பா, ரசிகதாசர் செத்துப்போயிட்டாருன்னு ஒரு விளம்பரம் போட்டுடலாமா?”

“ஏம்மா அப்படிச் சொல்றே? நல்லாத்தானே இருக்காரு!”

“தைக்கு மேல எழுத முடியாதில்ல. அந்த வீட்டுல...” என்று ஆரம்பித்து, நிறுத்தி, “அவரு வயசுக்கு” என்று முடித்தாள். “சும்மா காணாமப் போறதைவிட, செத்துட்டாருன்னா நாலு பேரு அழுவாங்க. அந்த வௌக்குக் கம்பத்துக்காரராவது அழுவாரு.”

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். கண் மட்டும் சிரிக்கவில்லை. பதினான்கு வயதில் அவள் கரும்பலகையில் கிறுக்கியதை நான்தான் முதலில்... இல்லை. ரசிகதாசரைப் பற்றி இங்கே எழுதுவதில்லை என்று முதல் நாளே சொல்லிவிட்டேன்.

ஒன்றை மட்டும் எழுதுகிறேன். பெண்ணுக்கு நல்ல இடம் அமைய வேண்டும் என்று தவிக்கிறேன். அமைந்தால் இந்த அச்சுக்கூடம் ஊமையாகிவிடும் என்றும் தவிக்கிறேன். இரண்டு தவிப்புக்கும் ஒரே நெஞ்சுதான் இருக்கிறது.

“விளம்பரம் வேணாம். பொறு பாக்கலாம்” என்றேன்.

கார்த்திகை 10

முதலிலிருந்து எழுதுகிறேன்.

மாப்பிள்ளை வீட்டார் வந்து இறங்கினார்கள். கூடமெல்லாம் ஜமக்காளம். ஆண்கள் கூடத்தில், பெண்கள் உள்ளறையில், நடுவில் மூங்கில் தட்டி. தாம்பாளம் மாற்றுவதற்கு முன்னால் தணிகாசல முதலியார் எழுந்தார். இடது கையில் கைத்தடி, வலது கையில் பச்சைப் புத்தகம், குங்குமத்தோடு. பட்டு அட்டையை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்திருந்தார்.

தொண்டையைச் செருமிக்கொண்டு வாசிக்கத் தொடங்கினார். கணீரென்ற குரல். “மஹாஜனங்களே, இந்தச் சுபதினத்திலே...” முதல் பக்கம் சரி. இரண்டு, மூன்று, நான்கு. நான் விநாயகரை வேண்டிக்கொண்டேன். ஏழாவது பக்கத்தில் திருத்தணி முருகனையும் சேர்த்துக்கொண்டேன். எட்டாவது பக்கத்தின் கடைசி வரி:

“சம்பந்தியாரே, தங்களுடைய குணவிசேஷங்களை நாங்கள் அறிந்தமட்டில் சொல்லப்புகுந்தால்...”

பக்கத்தைத் திருப்பினார்.

“பந்தியிலே பாயசத்தைப் பார்த்தீரே – சம்பந்தியாரே
பாத்திரத்தை வீட்டுக்கே சேர்த்தீரே!
தொந்தியிலே முக்காற்படி போட்டீரே – மிச்சத்தைத்
துண்டினிலே மூட்டைகட்டக் கேட்டீரே!”

விருந்து போடுகிறவன் நான். பாயசம் திருடியவனும் நானாகிவிட்டேன். அவர் உறவுக்காரர் ஒருவர், நன்னெறி சபையின் தலைவர்போல் இருக்கிறது, வாயில் போட்ட வெற்றிலையை மெல்லாமல் வைத்துக்கொண்டிருந்தார். இரண்டு வரன் போயிற்று, இது மூன்று என்று மனத்தில் ஓடியது. மேலே ஒரு வரி அவர் வாயில் வரக்கூடாது என்று பாய்ந்துபோய் அவர் கையிலிருந்து புத்தகத்தைப் பிடுங்கினேன்.

பிடுங்கிவிட்டேன். புத்தகம் என் கையில் இருக்கிறது. ஆனால் பாட்டு நிற்கவில்லை.

“வண்டிகட்டி வந்திறங்கி நின்றீரே – சம்பந்தியாரே
வாழைமரத் தையும்சேர்த்துத் தின்றீரே!
விண்டுசொன்னால் வெட்கமென்று கொள்வீரே – நாளைக்கொரு
விருந்தென்றால் விடியுமுன்னே செல்வீரே!”

ராகம் தப்பவில்லை. ஓர் எழுத்துத் தப்பவில்லை. கண்ணை மூடிக்கொண்டு, வெள்ளிக் கிளிமூக்குத் தடியால் தரையில் தாளம் தட்டிக்கொண்டு பாடுகிறார். கையில் காகிதம் இல்லாவிட்டால் வார்த்தை வராத மனிதர்! மூன்றாவது கண்ணியை எடுக்கப் போனபோதுதான் கை வெறுமையாக இருப்பது அவருக்குத் தெரிந்தது. கண்ணைத் திறந்தார். என் கையில் புத்தகம். அவர் வாயில் பாட்டு. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம். யார் திருடன், யார் பிடித்தவன் என்று சொல்ல முடியாது.

தட்டிக்குப் பின்னாலிருந்து சம்பந்தியம்மாள் குரல் வந்தது. “ஓகோ! பூஜை ரூமைச் சாத்திக்கிட்டு தினம் பாராயணம் பண்றது இந்த அகவல்தானா?”

“கண்டிப்பதற்காக... கண்டிக்க வேண்டுமென்றால் படித்துத்தானே ஆக வேண்டும்...” என்றார் அவர்.

“மனப்பாடமாவா?”

எங்கோ ஒருவர் களுக்கென்றார். அதற்குள் உள்ளறையிலிருந்து வேறொரு குரல், மெதுவாக, அதே மெட்டில் எழுந்தது. சம்பந்திகளைக் கேலி செய்து பெண்கள் பாடுவது கலியாண வீட்டில் வழக்கந்தானே. ஆனால் அந்த அடிகள் எந்தப் புத்தகத்திலும் இல்லை.

“கிளிப்பிடிக் கைத்தடி கொண்டீரே – சம்பந்தியாரே
குஜிலியிலும் கூட்டத்தோடே நின்றீரே!
ஒளிச்சுவச்ச பாட்டெல்லாம் பாடுவீரே – எங்கவீட்டு
உறவைவிட்டு இனியெங்கே ஓடுவீரே!”

முதலில் சிரித்தது மாப்பிள்ளைப் பையன். அடக்கிப் பார்த்தான், முடியவில்லை, தலைப்பாகை அவிழ்ந்து விழுந்தது. பிறகு கூடமே சிரித்தது. சபைத் தலைவர் வெற்றிலைச் சாற்றைச் சட்டையில் விட்டுக்கொண்டார். பெண்கள் பக்கம் குலவை.

தணிகாசல முதலியார் மட்டும் சிரிக்கவில்லை. தட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். காதில் தேன் விழுந்தவர் முகம்.

“இது ரசிகதாசர் கை” என்றார் மெல்ல. “மூன்றாம் அடியில் கொக்கி போட்டு நான்காம் அடியில் இழுக்கிறார் பாருங்கள். வேறு எவருக்கும் இது வராது. முதலியாரே, இவர் உங்களுக்குத் தெரிந்தவரா?”

இந்த விஷயத்தில் முதல் தடவையாக அவருக்கு விக்கலில்லாமல் பதில் சொன்னேன். “நான்தாங்க அவரு புத்தகம் போடறவன். குஜிலிச் சரக்கு அத்தனையும் என்னுதுதான். அன்னிக்கு நெல் குதிருக்குள்ள ஒளிச்சு வச்சிருந்தேன். நீங்க சால்வைக்குள்ள ஒளிச்சு வச்சீங்க.”

அவர் அப்படியே ஜமக்காளத்தில் உட்கார்ந்துவிட்டார். பையிலிருந்து சீட்டு எதுவும் எடுக்கவில்லை. பிறகு, காகிதமில்லாமல், அவருடைய சொந்தப் பேச்சாக ஒன்று சொன்னார். “வேலைய விட்டதிலேருந்து, சம்பந்தி, எனக்குச் சிரிப்பு வர்றது அந்த வௌக்குக் கம்பத்தடியிலதான்.”

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். அழுகிற சமயமல்ல, ஆனாலும் கண் கலங்கிவிட்டது.

தாம்பாளம் மாற்றிக்கொண்டோம். பந்தியில் பாயசம் வந்தபோது இரண்டு பேரும் ஒருவர் இலையை ஒருவர் பார்க்கவில்லை. கை அலம்பும்போது அவர் என்னைத் தனியே அழைத்து, “ரசிகதாசரை ஒரு தரம் பாக்கணுமே. வயசானவராமே, நானே வந்து சேவிக்கறேன்” என்றார்.

“தை பொறந்ததும் உங்க வீட்டுக்கே வந்து தங்கறதா இருக்காரு” என்றேன்.

“எங்க வீட்டுக்கா! எத்தனை நாள்?”

“போனா திரும்பி வரமாட்டாரு. ஒரே ஒரு ஏக்கம் அவருக்கு. அங்க எழுத விடுவாங்களான்னு.”

அவர் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார். பிறகு தட்டியைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார். கையில் இருந்த செம்பு தொட்டியில் விழுந்தது.

“விடறதா?” என்றார். “எழுதாட்டித்தான் சண்டை.”

கார்த்திகை 11

விடியற்காலையில் எழுத்துப் பெட்டி குலுங்குகிற சத்தம் கேட்டது. ரசிகதாசர் மூன்று பாட்டு அனுப்பியிருக்கிறார். விளம்பரம் தேவையில்லை.

கார்த்திகை 14

கலப்படப் பிரதியை இனிக் கலப்படமாகவே அச்சிடுவது என்று தீர்மானம். பச்சை அட்டை. காசிம் சாயபு, “வேணும்னே தப்பா அடுக்கறது கஷ்டம் முதலியாரே, கை பழகலை” என்கிறார்.

சாயங்காலம் மாப்பிள்ளை தனியாகக் கடைக்கு வந்தார். கனவுப் பலன் புத்தகம் ஒன்று கேட்டார். கொடுத்தேன். போகவில்லை. விண்ணப்பம் எழுதும் விதம் கேட்டார். கொடுத்தேன். அப்போதும் போகவில்லை. காதோரத்தில் இன்றைக்கும் மை. கடைசியில் குனிந்து, ரகசியமாக, “மாமா, ரசிகதாசருக்கு எந்த மை பிடிக்கும்? கறுப்பா, ஊதாவா? தைக்குள்ள வாங்கி வச்சிடலாம்னு...” என்றார்.

எனக்குத் தெரியாது, மயிலாப்பூருக்கு ஆள் அனுப்பித்தான் கேட்க வேண்டும் என்றேன். விக்கல் வந்தது.

கதவுக்குப் பின்னால் வளையல் சத்தம் கேட்டது. அப்புறம் ஒரு குரல்.

“கறுப்பு.”

ரசிகதாசர் இவ்வளவு பக்கத்தில் குடியிருக்கிறார் என்று எனக்கே இன்றுதான் தெரியும்.